மெதுவாய்ச் சுற்றும் கேலக்ஸிகள் எங்கே?

தை பிறந்த சமயம், நிலா இல்லாத ராத்திரியாகப் பார்த்து ஒன்பது மணிவாக்கில் மண்டபத்தில் வடகடல் பக்கம் நின்றால் வடமேற்கில் ஆண்ட்ரமீடா கேலக்ஸி தெரியும், வெறுங்கண்ணுக்கு ஒரு மங்கலான திட்டு, அவ்வளவுதான். அங்கிருந்து ரயில் பாதையைத் தாண்டி தென்கடல் கரைக்கு நடந்து வந்தால், நேர் தெற்குக்குக் கொஞ்சம் கிழக்கே, தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய பத்து டிகிரி உயரத்தில் பெரிய மெகல்லன் மேகம் நிற்கும். சென்னையில் இது இன்னும் கீழே, டெல்லிக்காரர்களுக்கு எந்த மாதத்திலும் எழும்பவே எழும்பாது. ராமநாதபுரம் கடற்கரைக்கு மழையும் தண்ணீரும் கம்மி என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

இரண்டுமே கேலக்ஸிகள், இரண்டுமே சுற்றுகின்றன. ஆண்ட்ரமீடாவின் நட்சத்திரங்கள் வினாடிக்கு 250 கிலோமீட்டர் வாக்கில் ஓடுகின்றன, மெகல்லன் மேகம் அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றுகிறது, நாம் குடியிருக்கும் பால்வழியில் சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு வினாடிக்கு 220, 230 கிலோமீட்டர் போகிறது, ஒரு சுற்று முடிக்க இருபது கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். இதையெல்லாம் ஒரு நாள் கரையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, விசைப்படகு ஓட்டும் என் தாய்மாமா, "மாப்ள, சுத்துது சுத்துதுங்குற, நானும் விவரம் தெரிஞ்ச நாள்லருந்து பாக்குறேன், வச்ச எடத்துலதானே நிக்குது, நீ என்னத்த வச்சு அளந்த?" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகிவிட்டது.

கண்ணால் பார்த்து அளக்க முடியுமா என்றால், ஒரு கணக்கு போடலாம். ஆண்ட்ரமீடா 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு நட்சத்திரம் குறுக்குவாட்டில் வினாடிக்கு 250 கிலோமீட்டர் ஓடினாலும், இங்கிருந்து பார்க்கும் நமக்கு அது நிலாவின் அகலம் அளவுக்கு நகர்ந்து தெரிய இரண்டரைக் கோடி வருஷம் ஆகும். மாமா இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்க வேண்டும்.

இப்படி நேரடியாகப் பார்த்து அளந்துவிட்டதாக ஒருவர் சொல்லி, அதை ரொம்பப் பேர் நம்பிய கதையும் உண்டு. மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் ஏட்ரியன் வான் மானன் 1916-ல், எம்101 என்ற சுருள் கேலக்ஸியின் பழைய, புதிய படத் தகடுகளை ஒப்பிட்டு, புள்ளிகள் நகர்ந்திருக்கின்றன, இது 85,000 வருஷத்தில் ஒரு சுற்று சுற்றுகிறது என்றார். 1920-ல் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், இந்தச் சுருள்களெல்லாம் பால்வழிக்கு வெளியே இருக்கும் தனி உலகங்களாக இருக்க முடியாது என்று வானியலாளர் ஹார்லோ ஷேப்லி வாதாட இந்த அளவீடும் ஓர் ஆதாரமானது. காரணம், எம்101 உண்மையிலேயே தொலைவில் இருந்தால் அந்தச் சுழற்சிக்கு அதன் ஓரங்கள் ஒளியைவிட வேகமாக ஓட வேண்டும். இன்று நமக்குத் தெரிந்த தூரம் இரண்டு கோடி ஒளியாண்டுக்கு மேல், அதை வைத்துப் பார்த்தால் ஒளியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேகம் வருகிறது! வாதத்தில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை, அளவீடுதான் தப்பு. வான் மானன் கண்ட நகர்வு தகடுகளில் கிடையவே கிடையாது. கொஞ்ச வருஷத்தில் வானியலாளர் எட்வின் ஹப்பிள் ஆண்ட்ரமீடாவின் தூரத்தை அளந்து, அது பால்வழிக்கு வெளியே இருக்கிறது என்று காட்டியதும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. நிஜமான குறுக்கு நகர்வை அளக்க நாம் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2005-ல் எம்33 கேலக்ஸியின் இரு பக்கங்களிலும் இருக்கும் நீராவி மேசர்களின் (லேசர் போலக் கூர்மையாக ரேடியோ அலை விடும் வாயுத் திட்டுகள்) நகர்வை ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பை வைத்து அளந்தார்கள், 2014-ல் ஹப்பிள் தொலைநோக்கியால் மெகல்லன் மேகத்தின் நட்சத்திரங்கள் நகர்வதை அளந்து அது ஒரு சுற்று சுற்ற 25 கோடி வருஷம் என்று கண்டார்கள். ரொம்பப் பக்கத்தில் இருப்பவற்றுக்கு மட்டும்தான் இந்த வழி நடக்கும்.

மற்றவற்றுக்கெல்லாம் டாப்ளர் விளைவுதான். மாமாவுக்கு நான் சொன்னது இப்படி: ராத்திரியில் கரையிலிருந்து படகு விளக்குகளைப் பார்க்கும்போது, குறுக்கே போகிற படகு நகர்வது தெரியும், நேராக நம்மைப் பார்த்து வருகிற படகின் விளக்கு நின்ற இடத்தில் நிற்பதாகத் தோன்றும், கேலக்ஸி விஷயத்தில் இது அப்படியே தலைகீழ். குறுக்கே போகிறவை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. நம்மை நோக்கி வருவதும் நம்மை விட்டு விலகுவதும்தான் தெரியும், ஏனென்றால் வருகிற ஒளியின் அலைநீளம் சுருங்கும், விலகுகிற ஒளியின் அலைநீளம் நீளும். ஆக, சுற்றும் ஒரு தட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு விளிம்பு நம் பக்கம் வரும், மறு விளிம்பு விலகிப் போகும், நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், இருக்கும் கோடு சாய்ந்து தெரியும். லோவல் ஆய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் 1914-ல் சோம்ப்ரேரோ கேலக்ஸியில் இந்தச் சாய்வைப் பார்த்துச் சொல்லிவிட்டார். 1917-ல் ஃபிரான்சிஸ் பீஸ் ஆண்ட்ரமீடாவின் நடுப்பகுதிக்கு இதே வேலையைச் செய்ய ஒரே தகட்டில் பல ராத்திரிகளாகச் சேர்த்துச் சுமார் எண்பது மணி நேரம் ஒளி வாங்க வேண்டியிருந்தது. அப்புறம் 1970-ல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரமீடாவின் 67 வாயுத் திட்டுகளின் வேகத்தை அளந்தது, ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்திருக்க வேண்டிய வேகம் குறையவில்லை என்று தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இருந்தாக வேண்டும் என்ற முடிவை நோக்கி எல்லோரும் நகர்ந்தது, இதெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. எந்தத் தமிழ்க் கட்டுரையை எடுத்தாலும் ஒரே ஒரு அழகான சுருள் கேலக்ஸி, அதன் மேல் தட்டையான ஒரு வேகக்கோடு (மையத்திலிருந்து ஓரம் வரை வேகம் எப்படிப் போகிறது என்ற வரைபடம்), 'இதோ கரும்பொருள்', முடிந்தது. ஒரு கேலக்ஸி எவ்வளவு வேகமாய்ச் சுற்றுகிறது என்பதைவிட, வினாடிக்கு 300 கிலோமீட்டரில் சுற்றுபவை எத்தனை, 100-ல் சுற்றுபவை எத்தனை, 30-ல் எத்தனை என்று மொத்தத்துக்கும் ஒரு தலைக்கணக்கு எடுப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பிரபஞ்சம் எப்படி உருவானது என்ற கொள்கைக்கு உண்மையான சோதனை அங்கேதான் வருகிறது, சண்டையும் அங்கேதான்.

இந்தக் கணக்கெடுப்புக்குக் கை கொடுப்பது ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணு 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது 1420.4 மெகாஹெர்ட்ஸில், ரேடியோ அலை விடும் என்று 1944-ல் நெதர்லாந்தின் வான் டி ஹுல்ஸ்ட் கணித்துச் சொன்னார், 1951-ல் யூவனும் பர்செலும் அதைப் பிடித்தார்கள். வினாடிக்கு 200 கிலோமீட்டர் வேகம் இந்த அலைவரிசையை ஒரு மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றே குறைவாக நகர்த்தும், இது ரேடியோக்காரர்களுக்குச் சுலபமாக அளக்கக்கூடிய அளவு. தொலைவில் இருக்கும் கேலக்ஸி ரேடியோ தட்டுக்கு வெறும் புள்ளி, அதன் எந்தப் பக்கம் எப்படி ஓடுகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது, ஆனால் மொத்த கேலக்ஸியின் ஹைட்ரஜனும் சேர்ந்து அனுப்பும் சிக்னலின் அகலத்தை அளக்கலாம். வருகிற பக்கம் ஒரு முனை, விலகுகிற பக்கம் மறு முனை, நன்றாகச் சுற்றும் தட்டாக இருந்தால் வரைபடத்தில் இரண்டு கொம்பு முளைத்தது போல வரும். கொம்புக்கும் கொம்புக்கும் உள்ள இடைவெளியில் பாதி, ஏறக்குறைய சுழல் வேகம்.

'ஏறக்குறைய' என்று சொன்னேன் இல்லையா, சிக்கல் முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் சாய்வு. தட்டு நமக்கு விளிம்பைக் காட்டினால் முழு வேகமும் தெரியும், முகத்தைக் காட்டினால் எவ்வளவு வேகமாய்ச் சுற்றினாலும் ஒன்றுமே தெரியாது. நடுவில் இருப்பவற்றுக்குச் சாய்கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். கோணத்தை எங்கிருந்து எடுப்பது? படத்தில் கேலக்ஸி எவ்வளவு நசுங்கிய வட்டமாகத் தெரிகிறது என்பதை வைத்துத்தான். 75 டிகிரி சாய்ந்ததை 70 என்று எடுத்துக்கொண்டால் வேகத்தில் மூன்று சதவீதம்தான் பிசகும். ஆனால் 25 டிகிரியை 20 என்று எடுத்தால் இருபது சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் முகம் காட்டுபவற்றைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடுகிறார்கள். இதில் நமக்குச் சாதகமாக ஒன்று உண்டு, கேலக்ஸிகள் தாறுமாறாக எந்தத் திசையிலும் சாய்ந்திருந்தால் சரிபாதி 60 டிகிரிக்கு மேல் சாய்ந்தவையாகத்தான் நமக்குத் தெரியும், 30 டிகிரிக்குக் கீழ் இருப்பவை நூற்றுக்குப் பதின்மூன்று போலத்தான். ஜியோமெட்ரி செய்யும் உதவி. ஆனால் குட்டி கேலக்ஸிகளுக்கு இந்த உதவியும் சரிவர வராது, அவை வட்டத் தட்டாக இருப்பதில்லை, ஒழுங்கில்லாத கட்டியாக இருக்கும், அதன் நசுக்கலைப் பார்த்து என்ன கோணம் சொல்வது?

சாய்வைச் சரிசெய்து கிடைத்த அகலத்தை வைத்துத்தான் 1977-ல் பிரென்ட் டல்லியும் ரிச்சர்ட் ஃபிஷரும் பேர்பெற்ற தொடர்பைக் கண்டார்கள்: வேகமாய்ச் சுற்றும் கேலக்ஸி பிரகாசமாகவும் இருக்கும். பிற்பாடு நட்சத்திரம், வாயு இரண்டின் எடையையும் கூட்டிப் பார்த்தபோது அந்த எடை வேகத்தின் நான்காம் அடுக்குக்கு நெருக்கமாகப் போவது தெரிந்தது, வேகம் இரண்டு மடங்கானால் எடை பதினாறு மடங்கு. சும்மா ஒரு ரேடியோ கோட்டின் அகலம், அதிலிருந்து கேலக்ஸியின் எடை, பிரகாசம், பிரகாசத்திலிருந்து தூரம். இதை முதலில் படித்தபோது இவ்வளவு மலிவாகவா கிடைக்கும் என்றுதான் தோன்றியது. மொத்தக் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்குக் கிடைத்த இன்னொரு ஒழுங்கும் எனக்குப் பிடிக்கும்: 2018-ல் வந்த ஓர் ஆய்வு, பெரிதோ சிறிதோ, தட்டு கேலக்ஸிகளின் வெளி விளிம்பு ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய நூறு கோடி வருஷம் எடுக்கிறது என்றது. பெரியதற்கு வேகம் அதிகம், போக வேண்டிய தூரமும் அதிகம், சரியாகிவிடுகிறது. உச்ச வேகத்தில் இருப்பவை 'சூப்பர் ஸ்பைரல்' எனப்படும் ராட்சதச் சுருள்கள், வினாடிக்கு 570 கிலோமீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். அந்த முனையில் எண்ணிக்கை குறைவு, ஆச்சரியமும் பெரிதாக இல்லை.

மெதுவான முனைக்கு வருவோம். அமெரிக்காவின் போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் 305 மீட்டர் தட்டை வைத்து 2005 முதல் 2012 வரை 'அல்ஃபால்ஃபா' என்ற கணக்கெடுப்பு நடந்தது. தட்டைத் திருப்பாமல் வானம் தானாக மேலே நகர்ந்து போகும்படி விட்டுவிட்டு, சுமார் 31,500 ஹைட்ரஜன் மூலங்களைப் பட்டியலிட்டார்கள். அந்தத் தட்டு 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்துவிட்டது, பட்டியல் மட்டும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. நானும் இறக்கி மடிக்கணினியில் வைத்து நோண்டிக்கொண்டிருக்கிறேன். கரண்ட் போகாத இரவுகளில் இது ஒரு நல்ல பொழுதுபோக்கு, நம்பாதவர்கள் முயன்று பாருங்கள்.

பட்டியலில் இருப்பதை அப்படியே எண்ணி வரைபடம் போட்டால் கதை தப்பாகிவிடும். குட்டி கேலக்ஸி மங்கல், பக்கத்தில் இருந்தால்தான் பிடிபடும், பெரியது ரொம்பத் தொலைவில் இருந்தாலும் பிடிபடும். ஆகவே ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் வரை தள்ளிவைத்தாலும் பிடிபட்டிருக்கும் என்று பார்த்து, அந்தக் கன அளவால் வகுக்க வேண்டும். இதுவாவது எல்லாக் கணக்கெடுப்புக்கும் பொது. இங்கே கூடுதலாக ஒன்று உண்டு, நாம் அளக்கப் போகிற வேகமே நம் தொலைநோக்கிக்கு எது பிடிபடும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஒரே அளவு ஹைட்ரஜன் உள்ள இரண்டு கேலக்ஸிகளில், மெதுவாய்ச் சுற்றுவதன் சிக்னல் ஒடுக்கமாகவும் உயரமாகவும் வரும், வேகமாய்ச் சுற்றுவதன் சிக்னல் அகலமாகப் பரவி இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். போதாக்குறைக்குப் பக்கத்துக் கேலக்ஸிகளின் தூரம் சரியாகத் தெரியாது, தூரம் தெரியாவிட்டால் எடையும் தெரியாது, எதால் வகுப்பது என்பதும் தெரியாது.

இத்தனையும் சரிசெய்த பிறகு வருகிற வரைபடத்தைக் கொள்கையோடு ஒப்பிட்டார்கள். கரும்பொருள் திரண்டு கட்டிகளாவதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தால், வேகம் பாதியானால் எண்ணிக்கை ஏறக்குறைய எட்டு மடங்காகும் என்று வருகிறது. வினாடிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பார்த்தவரை கணக்கும் கொள்கையும் ஓரளவு ஒத்துப்போகின்றன. அதற்குக் கீழே வரவரக் கொள்கை ஏறிக்கொண்டே போகிறது, எண்ணிக்கை அந்த அளவு ஏறவில்லை, 50-க்குப் பக்கத்தில் வரும்போது இடைவெளி பல மடங்கு. மெதுவாய்ச் சுற்றும் கேலக்ஸிகள் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும், காணோம்.

சிலர் உடனே கரும்பொருளின் தன்மையையே மாற்ற வேண்டும், அது கொஞ்சம் 'சூடான' துகளாக இருந்தால் சின்னக் கட்டிகள் உருவாகாமல் போயிருக்கும் என்கிறார்கள். சிலர், ஆதியில் முதல் நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் வாயுவைச் சூடாக்கி, சின்னக் கட்டிகளுக்குள் வாயு தங்காமல் செய்துவிட்டது, கட்டிகள் இருக்கின்றன, விளக்கு மட்டும் எரியவில்லை என்கிறார்கள். இரண்டாவது காரணம் ரொம்ப மெதுவான முனைக்கு நிச்சயம் பொருந்தும். ஆனால் என் சந்தேகம் முதலில் அளவீட்டின் மேல்தான் போகிறது. கொள்கை சொல்வது கரும்பொருள் கட்டியின் உச்ச வேகம். நாம் அளப்பது வாயு எட்டுகிற தூரம் வரை உள்ள வேகம். பெரிய கேலக்ஸியில் வாயு ரொம்ப தூரம் போகும், வேகக்கோடு தட்டையாகிவிட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான். குட்டியில் வேகம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே வாயு தீர்ந்துவிடுகிறது. உச்சம் 40 இருக்கிற கட்டிக்குள் நாம் 20 என்று பதிந்துகொண்டிருப்போம், 40 என்ற கட்டத்தில் சேர வேண்டியது 20-ல் போய் உட்கார்ந்திருக்கும், பிறகு 40-ல் ஆளே இல்லையே என்று தேடிக்கொண்டிருப்போம். அதுவும் போக, ஹைட்ரஜன் வாயு சுழலாமலே தனக்குள் வினாடிக்கு 7, 8, 10 கிலோமீட்டர் கலங்கிக்கொண்டிருக்கும். 200 கிலோமீட்டரில் ஓடும் தட்டுக்கு அது தூசு, 15-ல் ஓடுவதற்கு அதுவே பாதி சிக்னல். அந்தக் கலக்கமே ஓர் அழுத்தமாக நின்று வாயுவைத் தாங்கிப் பிடிப்பதால், வாயு தன் பங்குக்கு இன்னும் மெதுவாய்ச் சுற்றினால் போதும் என்றாகிவிடுகிறது. கணினிக் கேலக்ஸிகளை இதே கண்ணாடி போட்டு, இதே மாதிரி அகலம் அளந்து பார்த்த சில குழுக்கள் இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்கிறார்கள். மறையவில்லை என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்றை இடையில் சொல்லிவிட வேண்டும், இந்த ஹைட்ரஜன் தலைக்கணக்கில் வாயு இல்லாத கேலக்ஸிகள் சேரவே சேராது. நீள்வட்ட கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் ஒரு தட்டாக ஓடாமல் தேனீக்கூட்டமாய் எல்லாத் திசையிலும் பறக்கும், அவற்றுக்குப் பெரும்பாலும் வேகங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைத்தான் அளப்பார்கள். அவை சுற்றுவதே இல்லை என்று ரொம்ப நாள் ஒரு எண்ணம் இருந்தது. 'அட்லஸ் 3டி' குழு பக்கத்தில் இருக்கும் 260 நீள்வட்ட, வில்லை (லென்ஸ் வடிவ) கேலக்ஸிகளைப் புள்ளி புள்ளியாக நிறமாலை எடுத்துப் பார்த்ததில், 86 சதவீதம் நன்றாகவே சுற்றின, 14 சதவீதம்தான் மந்தம். படத்தைப் பார்த்து வகை பிரிப்பது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இது போதும். அப்புறம் 'மங்கா' கணக்கெடுப்பு இதே வேலையை ஒளியிழைக் கற்றைகளால் பத்தாயிரம் கேலக்ஸிகளுக்குச் செய்து முடித்தது.

குட்டிகளுக்கு வருவோம். இன்னும் முப்பதாயிரம் ஒற்றைப் புள்ளி அகலங்கள் சேர்ப்பதைவிட, சில நூறு குட்டி கேலக்ஸிகளைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் எப்படி ஓடுகிறது என்று வரைபடம் போடுவதுதான் இந்தச் சண்டையைத் தீர்க்கும் என்பது என் கட்சி. தென்னாப்பிரிக்காவின் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியும் ஆஸ்திரேலியாவின் 'வாலபி' கணக்கெடுப்பும் அந்தப் பக்கம்தான் போகின்றன. நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது, புனேக்குப் பக்கம் கோடாடில் 45 மீட்டர் தட்டுகள் முப்பது வரிசைகட்டி நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கியில். ஆயிஷா பேகம், ஜெயராம் செங்கலூர் குழு 2003-ல் கேமலோபார்டலிஸ் பி என்ற, மிக மங்கலான ஒரு குட்டியை அதில் அளந்தது. சாய்வைச் சரிசெய்த பிறகும் சுழல் வேகம் வினாடிக்கு வெறும் 7 கிலோமீட்டர், வாயுவின் கலக்கமும் அதே 7. அந்தக் கலக்கத்தின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்த்ததும் வெளிப்பகுதியின் வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. மாமாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப மொதல்ல அளந்ததுல பாதி வேகத்துக்கு மேல காணோமா?" என்று கேட்டுவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.